வீட்டில் ஒரே கைபேசி: பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது

சென்ற ஆண்டு திருப்புதல் தேர்வுக்கு முந்தைய மாலை, எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு மாணவி தேல்ஸ் தேற்றத்தை யூடியூபில் நான்கு முறை பார்த்துவிட்டதாகச் சொன்னாள். நன்றாகப் புரிந்துவிட்டதாம். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். முக்கோணம் வரைந்தாள். ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு போட்டாள். அந்தக் கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் சம விகிதத்தில் பிரிக்கும் என்ற கூற்றையும் பிழையில்லாமல் எழுதினாள். நிரூபணத்தின் இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. ஒத்த கோணங்கள் சமம் என்று எழுத வேண்டிய இடம் அது. ஐந்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிரூபணம் அவள் கண்ணுக்குப் பழகியிருந்தது, கைக்குப் பழகவில்லை.

அன்று முதல் பெற்றோரிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். கைபேசி பிள்ளையை எழுத வைக்க வேண்டும், பதில் சொல்ல வைக்க வேண்டும். வெறுமனே பார்த்த நேரத்தைப் படித்த நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இதை ஒட்டியவைதாம். முதன்முறையாக வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் பெற்றோருக்கும், தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித்தரும் கல்லூரி மாணவர்களுக்கும், மாலை வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருக்கும் தன்னார்வலர்களுக்கும் எழுதுகிறேன். நான் கணக்கு ஆசிரியர். அதனால் எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் பெரும்பாலும் கணக்கையும் சுற்றியே இருக்கும்.

முதலில் நேரம், அடுத்து இடம்

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு கைபேசி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்களே, அந்தச் சமயத்தில் கடன்பட்டு வாங்கியது. பகலெல்லாம் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழரை மணிக்கு வீடு திரும்பும். பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். இதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் தாராளம். அந்த நேரம் யாருடையது என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். எட்டு மணி முதல் ஒன்பதரை மணி வரை பிள்ளைக்கு என்றால், அந்த நேரத்தில் அக்காவுக்குச் சீரியல் பார்க்கவோ அப்பாவுக்குச் செய்தி பார்க்கவோ அது கிடையாது. வரும் அழைப்புக்கு அம்மா பதில் சொல்லலாம், இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கைபேசிக்குள் இடம். பெரும்பாலான வீடுகளில் பாடநூலைப் பதிவிறக்கப் போகும்போதுதான் சேமிப்பகம் நிரம்பிவிட்டது என்று தெரியவரும். காரணம் அநேகமாக வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் சேமிப்பகமும் தரவும் என்ற பகுதிக்குப் போய், படங்களும் வீடியோக்களும் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். அதே இடத்தில் பெரிய கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும். குடும்பப் படங்களை விட்டுவிட்டு மற்றவற்றை அழியுங்கள். அரை மணி நேர வேலை, ஒரு முறை செய்தால் போதும்.

பிறகு பிள்ளைக்கென்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து கோப்புறைகள் போட்டு வையுங்கள். பின்னால் வரப்போகும் வினாத்தாள், விடைத்தாள் படம், குரல்பதிவு எல்லாம் அதனதன் இடத்தில் சேர வேண்டும். தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் விரல் வேறு எங்கோ போய்விடுகிறது.

எதைச் சேர்த்து வைப்பது

அரசுப் பாடநூல்கள் எல்லாம் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் புத்தகம் கையில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்காக நான் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பதிவிறக்கி வையுங்கள். பத்தாம் வகுப்பில் இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்குக் காரணிப்படுத்துதல் ஒன்பதிலேயே சரியாகப் பதிந்திருக்காது. பழைய புத்தகமோ அதற்குள் யாருக்காவது கொடுக்கப்பட்டிருக்கும்.

பாடநூலின் பக்கங்களில் கட்டம் கட்டமாகக் கியூஆர் குறியீடு அச்சிட்டிருப்பார்கள். திக்‌ஷா செயலியைத் திறந்து அதன் மேல் கேமராவைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடநூலைத் தாண்டி வேறெங்கும் அலைய விடாது என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுகிறேன். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழைய வினாத்தாள்கள். முந்தைய பொதுத்தேர்வு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு வினாத்தாள்களைப் பள்ளி ஆசிரியரிடமே கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம். பாடத்துக்கு ஐந்து போதும். ஐம்பது வினாத்தாளைச் சேர்த்துவிட்டு ஒன்றைக்கூட எழுதிப் பார்க்காத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வினாத்தாளைக் கையில் வாங்கியதும் அமைப்பைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். கணக்கில் இப்போதுள்ள அமைப்பு இது: ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 14 தந்து பத்துக்கு விடை கேட்பார்கள். ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே, 14-இல் 10. கடைசியாக வடிவியலும் வரைபடமும், தலா எட்டு மதிப்பெண். இரண்டு மதிப்பெண் பகுதியில் 28ஆம் வினாவும் ஐந்து மதிப்பெண் பகுதியில் 42ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு: ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண் ஏழு, நான்கு மதிப்பெண் ஏழு, ஏழு மதிப்பெண் மூன்று. அமைப்பு மாறவில்லை என்பதை ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்ச்சிக்கே பயப்படும் பிள்ளையிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். வடிவியலும் வரைபடமும் 16, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. ஆக 30. தேர்ச்சிக்கு வேண்டியது 35. முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

காணொளி பார்க்கும் முறை

காணொளியே கூடாது என்று சொல்லவில்லை. வகுப்புக்குப் போகாத நாளில் நடந்த பாடத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். நோட்டும் பேனாவும் திறந்து வைக்காமல் காணொளியைத் தொடக் கூடாது. கணக்கை ஆசிரியர் பலகையில் எழுதியவுடன் நிறுத்திவிட வேண்டும். பிள்ளை தானே போட்டுப் பார்த்து, முடிந்த வரை போன பிறகுதான் மீண்டும் ஓடவிட வேண்டும். எங்கே தடைப்பட்டதோ அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மறுபடி நிறுத்த வேண்டும். இப்படிப் பார்த்தால் பத்து நிமிடக் காணொளிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

படத்தின் தரத்தை 360-இல் வைத்தாலே பலகை எழுத்து தெரியும், டேட்டாவும் மிச்சமாகும். தினசரி டேட்டாவில் மிஞ்சியது நள்ளிரவோடு காலாவதியாகிவிடும் திட்டம் என்றால், படுக்கும் முன் மறுநாளைக்கு வேண்டிய ஒரு பாடத்தைப் பதிவிறக்கி வைத்துவிடுங்கள். பிறகு இணையத்தையே அணைத்துவிட்டுப் பார்க்கலாம். இணையம் இல்லையென்றால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாது. அந்த அடுத்தது பெரும்பாலும் பாடமாக இருப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆளுக்கொரு சுருக்கு வழி சொல்வார்கள். அத்தனையும் கலந்தால் தேர்வறையில் எதுவும் கைகொடுக்காது.

சொந்தக் குரலில் கேள்வி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து செலவே இல்லாமல் நிறையப் பலன் தருவது இதுதான்.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒரு முறை படித்துவிட்டு, புத்தகம் இல்லாமல் நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே சற்று முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் மறுபடி படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவு வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகள் தேர்வு எழுதப் போவது படித்து ஐந்தாவது நிமிடத்தில் அல்ல. எனவே கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் பாடத்தை உள்ளே இறக்க வேண்டும். கேள்வி கேட்க வீட்டில் ஆள் இல்லையென்றால் கைபேசி கேட்கட்டும்.

செய்யும் விதம் இது. குரல்பதிவுச் செயலியைத் திறந்து பிள்ளை தன் குரலிலேயே ஒரு கேள்வியைப் பதிய வேண்டும்: "ஓம் விதியைக் கூறுக." பிறகு மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் இருக்க வேண்டும். அடுத்து விடை. மீண்டும் அடுத்த கேள்வி, பத்து எண்ணிக்கை, விடை. ஒரு பதிவில் பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். கேட்கும்போது, நடுவில் வரும் அந்த மௌனத்துக்குள் வாய்விட்டுப் பதில் சொல்லிவிட வேண்டும். விடை பின்னால் வந்து சரிபார்க்கும். திரையைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய வசதி. அம்மா அடுப்படியில் இருக்கும்போது ஓடவிட்டால் தங்கையும் சேர்ந்து பதில் சொல்வாள். மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது கேட்டே சமூக அறிவியலை முடித்த பையன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். அவனுடைய பதிவுகளில் பின்னணியில் கன்று கத்துவதும் கேட்கும். குறளுக்கும் மனப்பாடப் பாடலுக்கும் முதல் சீரை மட்டும் சொல்லிவிட்டு இடைவெளி விடலாம்.

பதிவுக்குப் பெயர் வைக்கும்போது தேதியையும் சேர்த்து வையுங்கள். பதிந்த மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை கேட்க வேண்டும். மூன்று முறையும் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியை மாதத் திருப்புதலுக்குத் தள்ளிவிடலாம். இந்த நாள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் செயலிகளும் உண்டு. ஆன்கிடிராய்டு அவற்றில் ஒன்று, ஆண்ட்ராய்டு கைபேசிக்கு இலவசம். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. தவறவிட்ட அட்டை விரைவில் திரும்பி வரும், தெரிந்த அட்டை தள்ளிப் போகும். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும் ஆங்கிலச் சொற்பொருளுக்கும் நன்றாக ஒத்துவரும். அட்டைகளைப் பிள்ளையே தயாரிக்க வேண்டும். வேறு யாரோ செய்து வைத்ததை இறக்கிக்கொண்டால் பாதிப் பலன் போய்விடும், தயாரிக்கும்போதே ஒரு முறை படித்துவிடுகிறார்கள் அல்லவா?

எழுதிய விடையைப் படம் எடுப்பது

கேமராவைப் பாடப் புத்தகத்தின் மேல் காட்டுவதைவிடப் பிள்ளையின் சொந்த விடைத்தாள் மேல் காட்டுவதே நல்ல பயன். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பழைய வினாத்தாளை எடுத்து நேரம் வைத்து எழுத வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, கைபேசியைத் திரை கீழே பார்க்கும்படி வேறு அறையில் வைத்துவிடுங்கள். முழுத் தாள் முடியாத வாரத்தில் ஐந்து மதிப்பெண் பகுதியை மட்டும் எழுதலாம்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். குழல்விளக்குக்குக் கீழே எடுத்தால் கையின் நிழல் விழும். வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் நோட்டைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப் பென்சில் கோடுகள் மங்கிவிடும். எந்த ஆசிரியரிடமும் முதலில் நேரம் கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. ஒரு நாளைக்கு முப்பது பிள்ளைகளின் தாள் வந்து குவியும்.

அனுப்புவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தானே திருத்த வேண்டும். நோட்டில் பார்க்கும்போது தெரியாதது படத்தில் தெரிகிறது, ஏனென்று எனக்கே வியப்புதான். வேறொருவர் எழுதியதைப் பார்ப்பது போல ஆகிவிடுகிறது என்று நினைக்கிறேன். போன டிசம்பரில் ஒரு பையன் தன் வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். வளைவரை அழகாக வந்திருந்தது, புள்ளிகள் எல்லாம் சரி. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி மேல் வலது மூலையைப் பார் என்று மட்டும் பதில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் "அளவுத்திட்டம் எழுதவில்லை" என்று வந்தது. கிடை அச்சில் ஒரு சென்டிமீட்டர் எத்தனை அலகு, செங்குத்து அச்சில் எத்தனை அலகு என்ற அந்த இரண்டு வரிதான். அதற்குப் பிறகு அவன் அனுப்பிய வரைபடங்களில் முதலில் எழுதப்பட்டிருப்பது அதுவாகத்தான் இருக்கிறது.

திருத்திய படங்களை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாடக் கோப்புறையிலும் பிழைகள் என்று ஒன்று வைத்து, மதிப்பெண் போன பக்கங்களை மட்டும் அதில் சேர்த்து வையுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் புரட்ட வேண்டியது அதைத்தான்.

விடை சொல்லும் செயலிகள்

கேமராவைக் கணக்கின் மேல் காட்டினால் படிப்படியாக விடை போட்டுக் காட்டும் செயலிகள் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒளித்து வைத்துப் பயனில்லை. வீட்டுப்பாடத்தை அப்படியே பார்த்து எழுதிவிட்டு வந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். பல்லுறுப்புக் கோவைக்கு நீள் வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காணச் சொன்னால், செயலி காரணிப்படுத்தி விடை சொல்லியிருக்கும். விடை சரி, முறை நாம் கேட்டதல்ல. பொதுத்தேர்வில் மதிப்பெண் ஒவ்வொரு படிக்கும் இருக்கிறது.

உரையாடல் வடிவில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தவறான விடையையும் அதே உறுதியோடு சொல்லும். அதனால் நாங்கள் வைத்த விதி ஒன்றுதான்: தானே ஒரு முறை முழுதாகப் போட்டுப் பார்க்காத கணக்கைச் செயலியிடம் காட்டக் கூடாது. போட்டுப் பார்த்த பிறகு, கடைசி விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் பாடநூலின் பின்பக்க விடையையும் ஆசிரியரையும்தான் நம்ப வேண்டும்.

சிதறாமல் இருக்க

எட்டு மணிக்குப் படிக்க உட்கார்ந்தால் எட்டு ஐந்துக்குக் குழுவில் ஒரு செய்தி வரும். பிள்ளையின் மன உறுதியை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள், பெரியவர்களாலேயே முடியாத காரியம் அது. கைபேசி அமைப்புகளில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதி இருக்கும். அதில் ஃபோகஸ் மோடைப் போட்டு, வேண்டாத செயலிகளைக் குறித்துவிட்டால் அந்த நேரத்துக்கு அவை திறக்காது. ஒரே ஒரு செயலியில் மட்டும் கைபேசியை நிறுத்தி வைக்கத் திரையைப் பின் செய்யும் வசதியும் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இருக்கிறது, பாதுகாப்பு அமைப்புகளுக்குள் தேடிப் பாருங்கள். குரல்பதிவு கேட்கும் நேரத்தில் விமானப் பயன்முறையே போதும்.

தேர்வு நெருங்கும்போது

கடைசி ஒரு வாரத்தில் புதிய காணொளி எதுவும் வேண்டாம். குரல்பதிவுகளும் பிழைகள் கோப்புறையும் மட்டும்தான். இந்த நாள்களில்தான் வினாத்தாள் முன்கூட்டியே கிடைக்கும், பணம் கட்டினால் அனுப்புகிறோம் என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தி வரும். பணமும் போகும், அதை நம்பி மற்றப் பாடத்தை விட்டுவிடும் பிள்ளையின் மதிப்பெண்ணும் போகும். வந்த உடனே அழித்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். ஒரு தேர்வு முடிந்து வந்ததும் விடைக்குறிப்பைத் தேடிப் பிடித்து மதிப்பெண் கூட்டுவதையும் தடுத்துவிடுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வேறொரு தேர்வு இருக்கிறது.

தேர்வுக்கு முந்தைய இரவு எட்டரை மணியோடு கைபேசி அம்மாவிடம் போய்விட வேண்டும். காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, சார்ஜரில் போட்டு, படுக்கும் இடத்துக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம் பிழைகள் கோப்புறையைப் புரட்டலாம், அவ்வளவுதான். தேர்வறைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை, அணைத்துப் பையில் வைத்திருந்தாலும் சிக்கல்தான். நுழைவுச்சீட்டு, இரண்டு பேனா, பென்சில், அளவுகோல், வடிவியல் பெட்டி, தண்ணீர் பாட்டில் இவற்றை இரவே எடுத்து வைத்துவிட்டு, கைபேசியைக் காலையில் வழக்கம்போல அப்பாவோடு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.